புளோக் கீழே தோட்டம்: மானியப் பணத்தை வேலியில் போடலாமா?

ஈசூன் வெண்டைக்காய்:
சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக் பின்னால் பத்துப் பேர் சேர்ந்து காய்கறித் தோட்டம் போடப் போகிறோம். வசிப்போர் குழு மூலமாக 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை மானியம் கிடைக்கும் போலிருக்கிறது. பாதிப் பேர் வேலியும் பூட்டும்தான் முதலில் என்கிறார்கள், இல்லையென்றால் கத்தரிக்காய் காணாமல் போய்விடுமாம். எனக்கென்னவோ மண் வாங்குவதுதான் சரி என்று படுகிறது. ஏற்கெனவே தோட்டம் வைத்திருப்பவர்கள் சொல்லுங்களேன்.

முருங்கை ரசிகன்:
மண்தான், சந்தேகமே வேண்டாம். புளோக் ஓரத்தில் தோண்டினால் செங்கல் துண்டும் களிமண்ணும்தான் வரும். அப்புறம் ஒன்று, எங்களுக்கு மானியம் முன்பணமாக வரவில்லை, கைக்காசைப் போட்டு வாங்கி ரசீது காட்டிய பிறகுதான் வந்தது. ஒரு ரசீது மழையில் நனைந்து எழுத்தே தெரியாமல் போய் 84 வெள்ளி என் தலையில் விழுந்தது. வாங்கியவுடன் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

பண்டான் அக்கா:
நாங்கள் பூட்டுப் போட்டுப் பார்த்தோம் தம்பி. சாவி இரண்டு பேரிடம் இருந்தது, மூன்றாம் மாதம் தோட்டத்தில் அந்த இரண்டு பேர்தான் இருந்தார்கள். பூட்டை எடுத்துவிட்டு மிச்சப் பணத்தில் ஒரு பெஞ்சு போட்டோம், கறிவேப்பிலையும் சமையலுக்குப் போடும் வாசனை இலையான பண்டானும் யார் வேண்டுமானாலும் கிள்ளலாம் என்று வழியோரம் வைத்தோம். ஒருநாள் மூன்றாம் மாடிச் சீன அங்கிள் முருங்கையைக் களை என்று நினைத்து வெட்டப் போக, எங்கள் அம்மா ஓடிப்போய்த் தடுத்து, அன்று மாலையே அந்தக் கீரையைப் பருப்புப் போட்டுச் சமைத்து ஒரு டப்பாவில் கொடுத்தார். இப்போது தண்ணீர் ஊற்றுவது அந்த அங்கிள்தான். காய் திருடு போகிறதா என்றால், போகிறது, மிளகாய் நிற்பதே இல்லை.

பழைய தோட்டக்காரன்:
தேசியப் பூங்காக் கழகத்தின் சமூகத் தோட்டத் திட்டம் 2005லிருந்து நடக்கிறது, முதலில் அவர்களிடம் பேசுங்கள். சுற்றுச்சூழல் திட்டங்களுக்கு அரசாங்கம் 2020இல் தொடங்கிய எஸ்ஜி ஈக்கோ நிதியையும் பாருங்கள், மொத்தம் 5 கோடி வெள்ளி ஒதுக்கியிருந்தார்கள். வாளியையும் பூவாளியையும் கவிழ்த்தே வையுங்கள், தண்ணீர் தேங்கிக் கொசு வளர்ந்து டெங்கிச் சோதனையில் மாட்டினால் மானியம் முழுக்க அபராதத்துக்கே போய்விடும்.

ஈசூன் வெண்டைக்காய்:
சரி அக்கா, மண், குழாய், பெஞ்சு. கத்தரிக்காய் போனால் உங்கள் புளோக்குக்குத்தான் வந்து நிற்பேன்.