பாட்டிலில் ஊதினால் 2,700 மில்லிதான் வருகிறது, மீதிக் காற்று எங்கே போகிறது?

தாம்வே டியூஷன்:
வணக்கம். ரங்கூன் தாம்வேயில் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். நுரையீரல் பாடம் படத்தை மட்டும் பார்த்து மனதில் நிற்கவில்லை. அதனால் 5 லிட்டர் பாட்டிலில் அளந்து அளந்து தண்ணீர் ஊற்றி, 100 மில்லிக்கு ஒரு கோடு போட்டேன். அதை நிரப்பி வாளித் தண்ணீரில் கவிழ்த்து, சலைன் டியூப்பைச் செருகி ஊதச் சொன்னேன். சின்லோன் என்ற பிரம்புப் பந்து ஆடுகிற 17 வயதுப் பையன் மூன்று தடவை ஊதியும் 2,700-ஐத் தாண்டவில்லை. புத்தகத்தில் உயிர்ப்புத்திறன் (முழுக்க இழுத்து, முழுக்க ஊதி வெளிவிடும் காற்று) 4,800, நுரையீரலின் மொத்தக் கொள்ளளவு 6,000 என்று இருக்கிறது. "டீச்சர், எனக்கு நுரையீரல் பாதிதானா?" என்று முகம் வாடிக் கேட்கிறான். எங்கே தப்பு?

மூச்சளவு அண்ணன்:
ரங்கூனில் பிறந்தவன், இப்போது சென்னையில் நுரையீரல் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பையனிடம் முதலில் தைரியம் சொல்லுங்கள் தங்கச்சி, குறை டியூப்பில். சலைன் டியூப் ரொம்ப மெல்லிசு. காற்று போக வழியில்லாமல், முழுக்க ஊதி முடிப்பதற்குள் பிள்ளை களைத்து நிறுத்திவிடுகிறான். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பருத்த குழாயை வையுங்கள். மூக்கைத் துணிக் கிளிப்பால் அடையுங்கள். முழு மூச்சு இழுத்து, உதட்டை இறுக்கி, வயிறு ஒட்டும் வரை ஊத வேண்டும். உள்ளேயும் வாளியிலும் நீர்மட்டம் சமமாக இருக்கும்படி பாட்டிலைப் பிடித்துக்கொண்டு கோட்டைப் பாருங்கள்.

இன்னொன்றைப் பலரும் விட்டுவிடுவார்கள். உடம்புக்குள் காற்று 37 டிகிரி. தண்ணீர்பட்டுக் குளிர்ந்ததும் சுருங்கும். தண்ணீர் 30 டிகிரி என்றால் வந்த அளவை 1.045-ஆல் பெருக்குங்கள், 25 என்றால் 1.075.

4,800 என்பது வளர்ந்த ஆணுக்குப் புத்தகம் தரும் சராசரி. 1846-இல் லண்டனில் ஹட்சின்சன் என்ற மருத்துவர் தண்ணீரில் கவிழ்த்த பாத்திரத்தில்தான் 2,000-க்கு மேற்பட்டவர்களை ஊதவைத்து அளந்தார். உயரம் கூடக்கூட அளவும் கூடுவதை அவரே கண்டார். உங்கள் பாட்டில் அதே வழிதான்.

மொல்மீன் நர்ஸ்:
ஒரு வார்த்தை. நம் பர்மாவில் காசநோய் அதிகம். ஆளுக்கு ஒரு வாய்த்துண்டு, ஒவ்வொருவருக்கும் புதுத் தண்ணீர். பாட்டிலிலிருந்து யாரும் திரும்ப உறிஞ்சக் கூடாது.

தாம்வே டியூஷன்:
குழாயை மாற்றினேன், மூக்கையும் அடைத்தேன். 3,600 வந்தது! தண்ணீர் 30 டிகிரி, பெருக்கினால் 3,762. பையன் ஓடிப்போய் அவன் அம்மாவிடம் காட்டிவிட்டு வந்தான். ஆனால் அண்ணா, மொத்தக் கொள்ளளவில் மீதி எங்கே? இன்னும் பலமாக ஊதினால் வருமா?

மூச்சளவு அண்ணன்:
வராது. எவ்வளவு ஊதினாலும் உள்ளே சுமார் 1,200 மில்லி தங்கிவிடும். அதுதான் எஞ்சிய கொள்ளளவு. விலா எலும்புக் கூடு அதற்கு மேல் ஒடுங்காது, சின்னக் காற்றுக்குழல்களும் மூடிக்கொள்ளும். வெளியே வராத காற்றை எந்தப் பாட்டிலும் பிடிக்க முடியாது. எங்கள் கூடத்தில் ஊதும் காற்றை அளக்கிற ஸ்பைரோமீட்டர் கருவியும் அப்படியே.

அதனால் நாங்கள் சுற்றுவழியில் போகிறோம். பானையில் எவ்வளவு தண்ணீர் என்று தெரியவில்லை. உப்பின் அடர்த்தி தெரிந்த நீரை அளந்து ஊற்றிக் கலக்கி, உப்பு எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் கணக்குப் போடலாம் அல்லவா? இங்கே உப்புக்குப் பதில் ஹீலியம். அது இரத்தத்தில் அநேகமாகக் கரையாது. 6 லிட்டர் வாயுவில் ஹீலியம் 10 சதவீதம் என்று வையுங்கள். சாதாரண மூச்சு விட்டு முடிக்கிற அந்த நொடியில் குழாயை இணைக்கிறோம். சுவாசித்துக் கலந்தபின் அது 7.5 சதவீதம் ஆனால், நெஞ்சில் இருந்தது 6 × 2.5 ÷ 7.5, அதாவது 2 லிட்டர். அதற்கப்புறமும் அழுத்தி ஊதி 1 லிட்டர் வெளியேற்ற முடிந்தால், எஞ்சியது 1 லிட்டர்.

ஆஸ்துமா, புகையால் வரும் நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு ஹீலியம் எட்டாத மூலைகளில் காற்று சிக்கியிருக்கும், கணக்குக் குறைவாக வரும். அவர்களைக் காற்றுப்புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, மூடிய குழாயில் மூச்சுவிடச் சொல்லி, அழுத்த மாற்றத்திலிருந்து பாயில் விதிப்படி (அழுத்தம் கூடினால் வாயுவின் பருமன் குறையும்) அளக்கிறோம். அப்போது சிக்கிய காற்றும் கணக்கில் வந்துவிடும்.

தாம்வே டியூஷன்:
உப்புப் பானையைப் பிள்ளைகளோடு நாளைக்கே செய்து பார்க்கிறேன் அண்ணா.