ஐடில்ல நடுக்கம், கிளட்ச் விடும்போது "டக்" சத்தம்: மவுண்டிங் மூணையும் மாத்தணுமா?

வைகைக்கரை:

வணக்கம். வண்டி 1.3 லிட்டர் காமன் ரெயில் டீசல் (உயர் அழுத்த டீசலை ஒரே குழாயிலேயிருந்து எல்லா சிலிண்டருக்கும் கொடுக்கிற வகை), மேனுவல் கியர், முன்சக்கர டிரைவ். 1,18,000 கி.மீ. ஓடியிருக்கு. ஐடில்ல (ஆக்சிலரேட்டர் மிதிக்காம என்ஜின் சும்மா ஓடும்போது) ஸ்டீயரிங், சீட், உள்கண்ணாடி எல்லாம் நடுங்குது. 1500 ஆர்.பி.எம். தாண்டினா அடங்கிடுது, ஏசி போட்டா அதிகமாகுது. முதல் கியர்ல கிளட்ச் விடும்போதும், ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போதும் கீழேயிருந்து ஒரே ஒரு "டக்". ஸ்பீட் பிரேக்கர்ல மட்டும் தனியா "டொக் டொக்"னு வருது. பட்டறையில பானெட்டைத் திறந்து பார்த்துட்டு, மூணு மவுண்டிங்கும் (என்ஜினைப் பாடியோட தாங்கிப் பிடிக்கிற ரப்பர் பாகங்கள்) போச்சு, செட்டா மாத்தணும்னு சொல்றாங்க. பணத்தைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி வீட்டிலேயே உறுதி பண்ண முடியுமா?

ஸ்பேனர்17:

முடியும், செட்டா வாங்கிடாதீங்க. மவுண்டிங் நடுக்கத்தை உண்டாக்குற பாகம் இல்ல, என்ஜினோட நடுக்கம் பாடிக்குப் போகாம தடுக்குற பாகம். இஞ்செக்டர் (சிலிண்டருக்குள்ள டீசல் பீச்சுற பாகம்) ஒண்ணு சரியில்லைன்னா புது மவுண்டிங் போட்டும் நடுங்கும். அதனால முதல்ல என்ஜினைப் பாருங்க.

சூடான என்ஜின், ஏசி ஆஃப், ஐடில். நடுக்கம் ஒரே சீரா இருக்கா, இல்ல நடுநடுவுல ஒரு குதி குதிக்குதா? சீரா இருந்தா மவுண்டிங் மேல சந்தேகப்படலாம். குதிச்சா ஏதோ ஒரு சிலிண்டர் சரியா எரியல. டீசல்ல அதுக்கு இஞ்செக்டர் ரிட்டர்ன் டெஸ்ட் இருக்கு: நாலு ரிட்டர்ன் குழாயையும் ஒரே அளவு நாலு பாட்டில்ல விட்டு சில நிமிஷம் ஐடில்ல ஓட்டினா, எந்த இஞ்செக்டரோட பாட்டில் மத்ததைவிட வேகமா நிறையுதோ அதுதான் உள்ளுக்குள்ள கசியுது. ஹை பிரஷர் பைப் நட்டை மட்டும் என்ஜின் ஓடும்போது யாரும் தொடாதீங்க. பழைய டீசல் வண்டிகள்ல அந்த நட்டைத் தளர்த்திப் பார்க்கிற பழக்கம் உண்டு. காமன் ரெயில்ல ஐடில்லேயே சில நூறு பார் அழுத்தம், பீறிடுற டீசல் தோலைக் கிழிச்சு உள்ளே போயிடும்.

என்ஜின் சீரா இருந்தா அடுத்தது ஆட்டிப் பார்க்கிறது. ஹேண்ட் பிரேக், கால் பிரேக் ரெண்டும் போட்டு, ஒருத்தர் உள்ளே, ஒருத்தர் பக்கவாட்டுல. வண்டிக்கு முன்னாடி நிக்கக்கூடாது. முதல் கியர் போட்டு கிளட்ச் பிடிக்கிற இடம் வரைக்கும் விட்டா என்ஜினோட தலை பின்பக்கம் சாயும், ரிவர்ஸ்ல முன்பக்கம் சாயும். கொஞ்சம் அசையுறது இயல்பு. 3 செ.மீ.க்கு மேல எகிறி, முடிவுல "டக்"னு முட்டினா ரப்பர் போயிருச்சு. போனை ஸ்லோ மோஷன்ல வெச்சு எடுங்க, கண்ணுக்குத் தப்புறது அதுல தெரியும்.

நாலாம்கியர்:

மேல சொன்னதோட சத்தங்களைப் பிரிச்சுப் பார்க்கிற வழியும் தெரிஞ்சுக்கோங்க. நிறைய பேர் இங்கேதான் காசை விடுறாங்க.

நின்ன இடத்துல ஆர்.பி.எம். ஏத்தி இறக்கும்போது வர்ற நடுக்கம் என்ஜின் பக்கம். ஓடும்போது மட்டும் வந்தா, 60 கி.மீ. வேகத்துல நாலாம் கியர்ல ஓட்டிட்டு, அதே வேகத்துல மூணுக்கு மாத்திப் பாருங்க. நடுக்கம் மாறினா என்ஜின், மாறலைன்னா சக்கரம், டயர், டிரைவ் ஷாஃப்ட். நாலு சிலிண்டர் என்ஜின் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை எரியும், அதனால 800 ஆர்.பி.எம்.ல விநாடிக்குச் சுமார் 27 அதிர்வு. 80 கி.மீ. வேகத்துல 14 அங்குல சக்கரம் விநாடிக்கு 11, 12 சுத்துதான் சுத்தும். அதிர்வு அளக்குற போன் ஆப்ல இந்த ரெண்டும் தனித்தனியாத் தெரியும்.

ஸ்பீட் பிரேக்கர் "டொக் டொக்" மவுண்டிங்கா இருக்க வாய்ப்பு குறைவு. சஸ்பென்ஷன் பாகங்களை, ஸ்டெபிலைசர் லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மேல் மவுண்ட், இந்த வரிசையில பாருங்க. ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு மெதுவாத் திரும்பும்போது "கடக் கடக்"னு தொடர்ந்து வந்தா வெளிப்பக்க சி.வி. ஜாயிண்ட் (டிரைவ் ஷாஃப்ட் முனையில இருக்கிற மூட்டு). ஆக்சிலரேட்டர் கொடுத்தா மட்டும் நடுங்கி, காலை எடுத்ததும் நின்னா உள்பக்க ஜாயிண்ட்டையும் சேர்த்துப் பாருங்க.

நியூட்ரல்ல கிளட்ச் பெடலையும் மிதிச்சு விடுங்க. மிதிச்சதும் சத்தம் நின்னா கியர் பாக்ஸ் இன்புட் பேரிங் அல்லது கிளட்ச் டிஸ்க் பக்கம், மிதிச்சதும் வந்தா ரிலீஸ் பேரிங். இது ரெண்டும் மவுண்டிங் கணக்குல சேராது. என்ஜின் கீழே அமுங்கிட்டா சைலன்சர் பைப் பாடியில உரசியும் நடுங்கும், அடியில புதுசா தேய்ஞ்ச பளபளப்பு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

வைகைக்கரை:

ரொம்ப நன்றி அண்ணா, ரெண்டு பேருக்கும். பார்த்தாச்சு. நடுக்கம் சீரா இருக்கு, நாலு பாட்டில்லயும் ரிட்டர்ன் ஏறக்குறைய ஒரே அளவு. முதல் கியர்ல கிளட்ச் விட்டா என்ஜின் பின்பக்கம் நல்லா எகிறி முட்டுது, ரிவர்ஸ்ல அவ்வளவு இல்ல. வலதுபக்க மவுண்டிங் அடியில கருப்பா ஈரம் வழிஞ்சிருக்கு. கியர் பாக்ஸ் பக்க ரப்பர்ல விரிசல் தெரியல. ஒரு பக்கத்து லிங்க் ராட் கையால ஆட்டினாலே ஆடுது.

ஸ்பேனர்17:

அப்போ பாதிக்கு மேல பதில் கிடைச்சாச்சு. அந்த "டக்" கீழே இருக்கிற டார்க் ராட், மூணு மவுண்டிங்ல என்ஜின் முன்பின் சாயாம பிடிக்கிறது. எலும்பு மாதிரி ரெண்டு முனையிலயும் வட்ட ரப்பர் இருக்குமே, அதுதான். டாமி பாரை (நெம்புற இரும்புக் கம்பி) இடையில விட்டு நெம்பிப் பாருங்க: நல்ல புஷ்ல (அந்த வட்ட ரப்பர்) நடுக்குழாய் மையத்துலயே நின்னு கொஞ்சம் அசைஞ்சு கொடுக்கும், போனதுல குழாய் ஒரு ஓரத்துல ஒட்டிக்கிட்டு, எதிர்ப்பக்கம் ரப்பர் பிறைநிலா மாதிரி கிழிஞ்சிருக்கும். ஒரே திசையில முட்டுதுன்னா ஒரு பக்கக் கிழிசல்.

வலதுபக்க மவுண்டிங் பல வண்டிகள்ல ஹைட்ராலிக். உள்ளே தண்ணியில கரையுற கிளைகால் (glycol) கலந்த திரவம் இருக்கும். ஐடில் நடுக்கத்தை அமுக்குறது அதுதான், திரவம் கசிஞ்சிட்டா அது வெறும் தளர்ந்த ரப்பர். ஆனா அந்த ஈரம் மவுண்டிங்கோடதா, மேலேயிருந்து ஒழுகுற என்ஜின் ஆயிலான்னு முதல்ல பாருங்க. துணியில தொட்டுத் தண்ணி விடுங்க. கரைஞ்சா மவுண்டிங் திரவம், எண்ணெய்ப் பசையா மிதந்தா ஆயில். ஆயில்னா வால்வு கவர் கேஸ்கெட்டை முதல்ல மாத்துங்க. இயற்கை ரப்பர் ஆயில்ல ஊறினா உப்பிப் பிசுபிசுன்னு ஆயிடும், கசிவை நிறுத்தாம போட்ட புது மவுண்டிங்கும் அதே கதிதான்.

கியர் பாக்ஸ் மவுண்டிங்கை மாத்தாம விட்டுடுங்க.

வைகைக்கரை:

துணியில பார்த்தேன், தண்ணியில கரையுது. டார்க் ராடும் வலது மவுண்டிங்கும் நானே மாத்தலாமா?

ஸ்பேனர்17:

டார்க் ராட் ரெண்டு மூணு போல்ட் வேலை. வலது மவுண்டிங்குக்கு கூலன்ட் டப்பாவை, சில வண்டியில டீசல் ஃபில்டரையும் நகர்த்தணும். கூலன்ட் டப்பாவைத் திறக்கிறதா இருந்தா என்ஜின் ஆறினதுக்கு அப்புறம்தான்.

பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. கெட்டியான தரை, பின்சக்கரத்துக்குக் கட்டை, முன்னாடி ரெண்டு ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகவே கூடாது. அடுத்து என்ஜினைத் தாங்குறது. ஆயில் சம்புக்கு (என்ஜின் அடியில ஆயில் தேங்குற தொட்டி) அடியில ஜாக்கியை நேரா வைக்காதீங்க. சம்ப் நசுங்கினா உள்ளே இருக்கிற ஆயில் உறிஞ்சும் குழாயோட வாய்க்கும் தகட்டுக்கும் இடைவெளி போயிடும், அப்புறம் என்ஜினுக்கே ஆயில் ஏறாது. ஒரு அடி அகலமுள்ள தடிமனான பலகை வெச்சு, சம்போட ஓரம் முழுக்க பாரம் பரவுற மாதிரி தாங்குங்க. மேலேயிருந்து தூக்கிப் பிடிக்கிற சப்போர்ட் பார் கிடைச்சா அதுதான் சிறந்தது. தூக்கணும்னு இல்ல, பாரத்தை ஏந்தினா போதும். 2, 3 செ.மீ.க்கு மேல போனா ஏசி பைப், டர்போ ஹோஸ், சைலன்சரோட நெளிபைப் எல்லாம் இழுபடும்.

ஒரு நேரத்துல ஒரு மவுண்டிங் மட்டும். கழட்டுறதுக்கு முன்னாடி பிராக்கெட்டைச் சுத்தி பெயிண்ட்டால கோடு போட்டுக்கோங்க. புதுசை வெச்சு எல்லா போல்ட்டையும் கையாலயே ஏத்துங்க. எதிர்ல இருக்கிறது அலுமினியம், கோணலா ஏத்தி இம்பாக்ட் கன் பிடிச்சா மரை போயிடும், அப்புறம் ஹெலிகாய்ல் (போன மரைக்குள்ள செருகுற கம்பிச்சுருள்) போடுற செலவு. கோணக் கணக்குல (இத்தனை டிகிரி திருப்பணும்னு) இறுக்கச் சொல்லியிருக்கிற போல்ட்டுகளைப் புதுசா வாங்குங்க, அதெல்லாம் ஒரு தடவை நீண்டுட்டா மறுபடி பிடிக்காது.

நாலாம்கியர்:

இறுக்குற வரிசையைச் சொல்லிடறேன். புதுசு போட்டும் நடுங்குதுன்னு சொல்ற பல வண்டியில கோளாறு இங்கேதான். வலது மவுண்டிங்கை முழு அளவு இறுக்கினதும் ஜாக்கியை எடுத்துடுங்க. என்ஜினோட முழு பாரமும் மவுண்டிங் மேல உட்காரட்டும். நாலஞ்சு தடவை கையால முன்பின் ஆட்டி விடுங்க. டார்க் ராட் போல்ட்டைக் கடைசியா, என்ஜின் தன் இடத்துல நின்னதுக்கு அப்புறம்தான் இறுக்கணும். முன்னாடியே இறுக்கினா புஷ் முறுக்கிக்கிட்டே நிக்கும். அதுவே நடுக்கம், சீக்கிரமே கிழியவும் செய்யும்.

டார்க் அளவு (போல்ட்டை எவ்வளவு விசையில இறுக்கணும்ங்கிறது) உங்க வண்டியோட சர்வீஸ் மேனுவல்ல இருக்கிறதுதான் செல்லும். பொதுவா 8.8 தர போல்ட்ல எம்10க்கு (10 மி.மீ. தடிமன்) 45 முதல் 50 நியூட்டன் மீட்டர், எம்12க்கு 80 சுமார். 10.9க்கு இன்னும் கூட. போல்ட் தலையிலேயே எண் போட்டிருக்கும்.

சப்ஃப்ரேமை (என்ஜினுக்கு அடியில இருக்கிற சட்டம்) இறக்கலைன்னா வீல் அலைன்மென்ட் தேவைப்படாது. லிங்க் ராட் ரெண்டு பக்கமும் ஒண்ணா மாத்துங்க.

பழைய மவுண்டிங்குல ரப்பர் வார்த்துத் தர்ற கடைகள் உண்டு. டார்க் ராட் மாதிரி சாதா புஷ்ஷுக்கு அது கொஞ்ச காலம் ஓடலாம். ஹைட்ராலிக்ல கெட்டி ரப்பரை வார்த்தா திரவம் செய்யுற வேலையைச் செய்யாது, கேபின் முழுக்க ரீங்காரம் கேட்கும். கிழிசல்ல சிலிகான் அடைக்கிறதும் பாலியூரித்தேன் செருகுறதும் அப்படித்தான், ஆட்டத்தைக் குறைக்கும், நடுக்கத்தைக் கூட்டும். புது ஹைட்ராலிக் மவுண்டிங்கைக் கடையிலேயே பிரிச்சு, அடியில ஈரம் இருக்கான்னு விரலால தடவிப் பார்த்துட்டு வாங்குங்க.