அப்பா அழறது வயசா, பக்கவாதமா? எழுதிக் கொடுத்த மாத்திரையைப் போடலாமா?

கொள்ளிடக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அப்பாவுக்கு 71. முப்பத்தோரு வருஷம் அரசு பஸ்ல கண்டக்டர். போன ஆடியில ஒரு நாள் காலையில பல் விளக்கிட்டிருந்தவருக்கு இடது கை கால் இழுத்துக்கிச்சு, வாய் கோணிடுச்சு. மூளையோட வலது பக்கத்துல ரத்தக்குழாய் அடைப்புன்னு ஸ்கேன்ல வந்தது. பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள, அடைப்பைக் கரைக்கற ஊசியைப் போட வேண்டிய அந்த நாலரை மணி நேரம் தாண்டிடுச்சு. இப்ப எட்டு மாசம் ஆச்சு. பிசியோ புண்ணியத்துல கம்பு ஊணி நடக்கறார். பேச்சு தெளிவா இருக்கு. ஊர்ல எல்லாரும் "கண்டம் தப்பிச்சாச்சு"ங்கறாங்க.

வீட்டுக்குள்ள கதை வேற. பேரன் "தாத்தா"ன்னு கூப்பிட்டாலே அழறார். டிவியில தாலி கட்டற காட்சி வந்தா அழறார். அரை நிமிஷத்துல நின்னுடுது. ஏம்ப்பான்னு கேட்டா "தெரியலடா"ங்கறார். மத்த நேரமெல்லாம் திண்ணையில சும்மா உக்காந்திருக்கார். பேப்பர் தொடறதில்ல. போன வாரம் பால்காரர் ஐந்நூறுக்குப் பாக்கி கொடுத்தார். அந்த நோட்டுகளை வெச்சுக்கிட்டு வாசல்லயே நின்னார், எண்ணவும் இல்ல, சட்டைப்பையில போடவும் இல்ல. ஓடற பஸ்ல விரலிடுக்குல நோட்டைச் செருகிக்கிட்டு அறுபது பேருக்குச் சில்லறை கொடுத்த மனுஷன்.

நரம்பு டாக்டர் எஸ்சிடலோபிராம்னு மனச்சோர்வுக்கான மாத்திரை எழுதியிருக்கார். சித்தப்பா, "மூளை மாத்திரை கொடுத்தா ஆளே மந்தமாயிடுவான், வயசானா அழுகை வரத்தான் செய்யும்"ங்கறார். சீட்டு பத்து நாளா அலமாரியில இருக்கு. என்ன செய்யலாம்?

நெய்தல்வாசி

உங்க சித்தப்பா சொல்றதுல பாதி சரி. என் அம்மா கதையைக் கேளுங்க. வாதம் வந்து வீட்டுக்கு வந்தப்புறம் தூக்கம் வரலன்னு சொன்னாங்க. ஒரு டாக்டர் அல்பிரசோலம் எழுதினார். ரெண்டு வாரத்துக்குன்னு ஆரம்பிச்சது நாலு வருஷம் ஓடிச்சு. ஒவ்வொரு தடவையும் பழைய சீட்டையே காட்டி வாங்கினோம், நிறுத்துங்கன்னு ஒருத்தரும் சொல்லல. ஒரு ராத்திரி பாத்ரூம் போனவங்க விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சுது. அதுக்கப்புறம் அம்மா எழுந்திருக்கவே இல்ல.

உணர்ச்சிவசப்பட்டுச் சொல்றேன்னு நினைக்காதீங்க. 2019ல லான்செட்ல ஃபோகஸ்னு ஒரு ஆய்வு வந்தது. பிரிட்டன்ல 3127 வாத நோயாளிகள். பாதிப் பேருக்கு ஃப்ளூவாக்ஸெடின் 20 மில்லிகிராம் ஆறு மாசம், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. கை கால் மீள்றதுல துளி வித்தியாசம் இல்ல. எலும்பு முறிவு மட்டும் வெறும் மாத்திரைக்காரங்களுக்கு 1.5 சதவீதம், மருந்து சாப்பிட்டவங்களுக்கு 2.9. உங்களுக்கு எழுதியிருக்கறதும் அதே வகை மருந்துதான். கம்பு ஊணி நடக்கறவருக்கு இதைக் கொடுக்கணுமா?

டெல்டா பிசியோ

நெய்தல்வாசி, அம்மாவுக்கு நடந்தது கொடுமை. ஆனா அல்பிரசோலம் வேற கூட்டம். அது பதற்றத்தைக் குறைச்சுத் தூக்கம் கொடுக்கற மாத்திரை. தள்ளாட்டம், பழக்கம் ரெண்டையும் கொண்டு வரும். வயசானவங்களுக்கு அதை வருஷக்கணக்கா கொடுக்கக் கூடாதுங்கறதுல உங்களுக்கும் எனக்கும் சண்டையே இல்ல.

ஃபோகஸ் விஷயத்துல நீங்க பாதியைத்தான் சொன்னீங்க. அதே ஆய்வுல ஆறு மாசத்துக்குள்ள புதுசா மனச்சோர்வு வந்தவங்க, வெறும் மாத்திரையில 17.2 சதவீதம், மருந்துல 13.4. அவங்க கேட்ட கேள்வியே வேற. மனசு சரியில்லையோ இல்லையோ, வந்த எல்லாருக்கும் இதைக் கொடுத்தா கை கால் சீக்கிரம் வருமாங்கறதுதான் கேள்வி. வராதுன்னு பதில் வந்தது. அடுத்த வருஷம் ஸ்வீடன்ல ஒண்ணு, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, வியட்நாம் சேர்ந்து ஒண்ணு, ரெண்டுலயும் அதே பதில்தான். அதனால பந்தியில எல்லாருக்கும் பாயசம் மாதிரி ஊத்தாதேங்கறது சரி. மனச்சோர்வு இருக்கறவருக்கும் கொடுக்காதேன்னு அந்த மூணு ஆய்வும் சொல்லல.

வாதம் வந்தவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு ஏதோ ஒரு கட்டத்துல மனச்சோர்வு வருது. என் தொழில்ல அது முதல்ல தெரியற இடம் ஒண்ணு இருக்கு. நல்லா ஒத்துழைச்சுட்டிருந்தவர் ஆறாவது வாரம் வாக்குல "நாளைக்கு வாங்க தம்பி"ம்பார். மறுநாளும் அதையே சொல்வார். வீட்டுல உள்ளவங்க "சோம்பேறித்தனம்"னு திட்டுவாங்க.

கொள்ளிடக்கரை, உங்க அப்பா விஷயத்துல எனக்கு ஒரே பேர்ல மூணு சரக்கு தெரியுது. அரை நிமிஷ அழுகை சோகமாவே இல்லாம இருக்கலாம். அழுகைக்கும் சிரிப்புக்கும் மூளையில ஒரு பிரேக் உண்டு, வாதத்துல அந்தக் கம்பி அறுந்தா தொட்டதுக்கெல்லாம் கொட்டும். உள்ள துக்கம் இருக்கணும்னு இல்ல. அவர் "தெரியலடா"ன்னது உண்மையாவே இருக்கும். திண்ணையில சும்மா இருக்கறது ஆர்வம் வத்திப் போறது, அது சோர்வு கூடவும் வரும், தனியாவும் வரும். பால் பாக்கி விஷயம் கவனமும் கணக்கும். அவர் சாப்பிடறப்ப தட்டுல எதை மிச்சம் வைக்கறார்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க.

பச்சிலை பிரியன்

இங்கிலீஷ் மாத்திரை எல்லாம் எதுக்கு? புறா ரத்தம் சூடா தடவினா வாதம் ஓடிடும். எங்க பக்கம் நூறு பேருக்குக் குணமாயிருக்கு.

டெல்டா பிசியோ

புறாவை விட்டுடுங்க சார், அது பாட்டுக்குக் கோபுரத்துல இருக்கட்டும். முதல் சில மாசத்துல பலருக்குத் தன்னால கொஞ்சம் திரும்பி வரும். அந்தப் பேரைப் புறா தட்டிக்கிட்டுப் போகுது, அவ்வளவுதான்.

மேலமாசி மருமகள்

நான் ரெண்டு பேர்கூடவும் சண்டை போட வந்திருக்கேன். மாத்திரையைவிட மோசமானது ஃபைல்ல எழுதற பேர். என் மாமியாருக்கு 74, பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவங்க. வாதம் வந்து ஒன்பதாவது நாள், இன்னும் மூக்குல குழாய் இருக்கறப்ப, ஒருத்தர் வந்து பேப்பரை நீட்டினார். கனசதுரத்தைப் பார்த்து வரையணுமாம். காண்டாமிருகப் படத்தைக் காட்டி இது என்னங்கறார். ஆயுசுல ஆடு, மாடு, கோயில் யானை பார்த்த மனுஷி! அவங்க "பன்னி"ன்னாங்க. முப்பதுக்குப் பதினொண்ணு. ஃபைல்ல "டிமென்ஷியா"ன்னு, அதாவது மறதி நோய்னு ஏறிடுச்சு.

அதுக்கப்புறம் வீட்டுல நடந்ததைச் சொல்றேன். இடுப்புல இருந்த சாவிக்கொத்தை என் நாத்தனார் வாங்கிக்கிட்டா. குழம்புக்கு உப்பு போதுமான்னுகூட யாரும் கேக்கறதில்ல. எல்லாம் "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது"தான். ஒரு மாசம் கழிச்சு எனக்கே சந்தேகம் வந்து, நாலு கொழுந்தன் பொண்ணுங்களுக்கும் யார் யாருக்கு எத்தனை பவுன் போட்டீங்கன்னு கேட்டேன். அரைப் பவுன் பிசகாம சொன்னாங்க.

டெல்டா பிசியோ

அக்கா, உங்க கோபம் நியாயம். அந்தப் பரீட்சைக்குப் பேர் மோகா, ஞாபகம், கவனம் எல்லாம் எப்படி இருக்குன்னு பார்க்கறது, 2005ல கனடாவுல இருந்து வந்தது. பன்னிரண்டு வருஷம், இல்ல அதுக்குக் குறைவா படிச்சவங்களுக்கு ஒரு மார்க் கூடப் போடுவாங்க. படிக்காத மனுஷிக்கு அந்த ஒரு மார்க் எந்த மூலைக்கு? எழுத்தறியாதவங்களுக்குன்னே எளிசா இன்னொரு வடிவம் இருக்கு. ஒன்பதாவது நாள்ல வைக்கற பரீட்சை டிமென்ஷியாவைச் சொல்லவே சொல்லாது. அந்த நேரத்துல குழப்பம் வர்றதுக்கு நீர்த்தாரைக் கிருமி, சோடியம் இறக்கம், தூக்கமின்மைன்னு நூறு காரணம். சில மாசம் கழிச்சு, கண்ணாடி போட்டு, காது கேக்குதான்னு பார்த்து, திரும்ப வைக்கணும்.

ஆனா பேரே வைக்காதீங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க. முதல் வாதத்துக்கு அப்புறம் சுமார் பத்துல ஒருத்தருக்குப் புதுசா மறதி நோய் வருது. ரெண்டாவது, மூணாவது வாதம் வந்தா மூணுல ஒருத்தருக்கு மேல போயிடுது. அதைத் தெரியாம விட்டா வீட்டுப் பத்திரத்துல கைநாட்டு வாங்கறவன் முந்திக்குவான்.

மேலமாசி மருமகள்

பேர் வெச்சா சாவி போகுது, வைக்கலைன்னா பத்திரம் போகுதா? நல்லா இருக்கு உங்க நியாயம்.

ஓய்வு வாத்தியார்

இடது கையால் தட்டச்சுகிறேன். நேரம் ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 68. மூன்று வருடம் முன் வலது கையும் பேச்சும் போயின. எல்லாம் புரியும். வார்த்தை வராது. தண்ணீர் கேட்க நினைத்தால் "செவ்வாய்" என்று வரும். முப்பத்தாறு வருடம் தமிழ் நடத்தினவன்.

என் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்று என்னைப் பற்றிப் பேசினார்கள். "சாப்பிட்டாரா?" என்று என் மனைவியைக் கேட்பார்கள். நான் அங்கேயே இருக்கிறேன்.

ஐந்தாம் மாதம் கொஞ்சம் பேச்சு திரும்பியது. முதலில் ஒழுங்காக வந்த வாக்கியம் "போய்ச் சேரணும்". எல்லாரும் சிரித்தார்கள். நம் வீடுகளில் கிழவர்கள் தினம் சொல்வதுதானே. தையல் பிரிக்க வந்த ஒரு நர்ஸம்மா மட்டும் சிரிக்கவில்லை. மறுபடி உட்கார்ந்து, "நிஜமாவா சொல்றீங்க, சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டது. தலையை ஆட்டினேன். அழுதேன். அன்றே மனநல டாக்டரிடம் அழைத்துப்போனார்கள்.

மாத்திரை ஒன்பது மாதம் சாப்பிட்டேன். முதல் மூன்று வாரம் வயிற்றுப் பிரட்டல் தவிர ஒன்றும் இல்லை. ஐந்தாவது வாரம் ஒரு காலை காபி மணத்தது. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்து நிறுத்தினேன்.

மந்தமாகவில்லை. மந்தமாக இருந்தது அதற்கு முன்புதான்.

நெய்தல்வாசி

ஐயா, உங்க அனுபவத்தை மறுக்க எனக்கு வாய் இல்ல. ஆனா உங்களை யாரோ உக்காந்து ஒரு கேள்வி கேட்டாங்க, அப்புறம்தான் மாத்திரை வந்தது. இங்க அந்தக் கேள்வி கேட்டதா கொள்ளிடக்கரை ஒரு வரியும் எழுதல. ரெண்டு நிமிஷத்துல எழுதின சீட்டா இருக்கும். என் சண்டை அதோடதான்.

கொள்ளிடக்கரை

உண்மைதான். நாங்க உள்ள போனதும் "அழறார் டாக்டர்"னு நான்தான் சொன்னேன். அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. வெளியில நாப்பது பேர் காத்திருந்தாங்க, அவரையும் குத்தம் சொல்ல முடியல.

பிசியோ சார் தட்டைப் பார்க்கச் சொன்னார். நேத்து பங்காளி வீட்டு வளைகாப்பு. அப்பாவைக் கூட்டிட்டுப் போய்ப் பக்கத்துலயே உக்காந்தேன். இலை போட்டாங்க, நுனி அவருக்கு இடப்பக்கம். வலது பக்கத்துல இருந்த சோறு, கூட்டு, அப்பளம் எல்லாம் சுத்தமா சாப்பிட்டார். நுனிப் பக்கத்துல உப்பு, ஊறுகாய், பச்சடி, அவருக்கு உசிரான வாழைக்காய் வறுவல், எல்லாம் வெச்சது வெச்சபடி. கத்தியால கோடு கிழிச்ச மாதிரி. பரிமாற வந்தவர் "பெரியவருக்கு வறுவல் பிடிக்கலையோ"ன்னார். அப்பா "எனக்கு வைக்கவே இல்லையே"ன்னார்.

ஊர் முன்னாடி இலையைத் திருப்பக் கூச்சமா இருந்தது. ஆனாலும் மெதுவா சுத்தி வெச்சேன். "இது எப்ப வந்தது"ன்னு எடுத்துச் சாப்பிட்டார்.

டெல்டா பிசியோ

அதேதான். கண்ணுல கோளாறு இல்ல. வலது மூளையில அடிபட்டா இடப்பக்கம்னு ஒரு உலகம் இருக்கறதே மனசுக்கு எட்டாமப் போறது உண்டு. கடிகாரம் வரையச் சொன்னா பன்னிரண்டு எண்ணையும் வலது பாதியிலேயே அடைச்சு வைப்பாங்க. பேப்பர்ல ஒவ்வொரு வரியும் பாதியிலேர்ந்து ஆரம்பிச்சா யாருக்குப் படிக்கத் தோணும்? கையில விசிறியாப் பிடிச்ச நோட்டுலயும் பாதி அவர் கணக்குக்கு வந்திருக்காது.

இப்ப ஒரு அவசர வேலை. அவர் மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்கறாங்க?

கொள்ளிடக்கரை

சார், கை நடுங்குது எழுதும்போது. அம்மா வாராவாரம் டப்பாவுல நிரப்பி வைப்பாங்க. காலை, மதியம், இரவுன்னு மூணு அறை உள்ளது. "என்னைச் சின்னப் பிள்ளையாக்காதே"ன்னு அப்பாவே எடுத்துப் போட்டுக்குவார். இப்பப் போய்ப் பார்த்தேன். மதியமும் இரவும் காலி. காலை அறை இடது ஓரத்துல இருக்கு. திங்கள்லேர்ந்து அஞ்சு நாள் மாத்திரை அப்படியே கிடக்கு. பிரஷர் மாத்திரை அதுலதான். போன வாரம் மிஞ்சினதை அம்மா "கூடுதலாப் போட்டுட்டேன் போல"ன்னு திரும்ப அதுலயே போட்டிருக்காங்க.

நெய்தல்வாசி

அட கடவுளே. மனசு மாத்திரைக்கு இத்தனை நாள் அடிச்சுக்கிட்டோம். போட வேண்டிய மாத்திரை டப்பாவுலயே உக்காந்திருக்கு.

டெல்டா பிசியோ

இன்னைக்கே பிரஷர் பாருங்க. விட்டுப்போனதைச் சேர்த்துப் போட்டுடாதீங்க. டாக்டருக்கு போன் பண்ணி எப்படித் தொடரணும்னு கேளுங்க. அடுத்த வாதத்தையும் அதோட வர்ற மறதியையும் தடுக்கறதுல பிரஷர் மாத்திரைக்கு ஈடு இல்ல. 2003ல ப்ராக்ரஸ்னு ஒரு ஆய்வு, வாதம் ஏற்கெனவே வந்த 6105 பேர். பிரஷரைக் குறைச்சவங்கள்ல, திரும்ப வாதம் வந்து அதோட சேர்ந்து வர்ற டிமென்ஷியா மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது.

டப்பாவைத் தூக்கி வலது பக்கம் வைங்க, நெடுக்கா நிக்க வைக்கற டப்பாவா வாங்குங்க. இடது ஓரத்துல சிவப்பு டேப் ஒட்டி, அந்தச் சிவப்பு தெரியற வரைக்கும் தலையைத் திருப்பப் பழக்குங்க.

மேலமாசி மருமகள்

தம்பி, டப்பாவை அப்பா கையிலேர்ந்து பிடுங்கிடாதீங்க. பக்கத்துல நின்னு பாருங்க, போதும். சாவி போன வீட்டுலேர்ந்து சொல்றேன்.

கொள்ளிடக்கரை

பிரஷர் 170க்கு 100 இருந்தது. அன்னைக்கு சாயங்காலமே டாக்டரைப் பார்த்தோம். இந்தத் தடவை இலை கதை, டப்பா கதை ரெண்டையும் எழுதி எடுத்துட்டுப் போனேன். கடிகாரம் வரையச் சொன்னார், பிசியோ சார் சொன்ன அதே கடிகாரம். அப்பாகிட்ட நேரா, ரெண்டு வாரமா மனசு இறுக்கமா இருக்கா, பிடிச்சதுல நாட்டம் இருக்கான்னு கேட்டார். அப்பா ரொம்ப நேரம் கழிச்சு, "பஸ் சத்தம் கேட்டா உடம்பு எழுந்திருக்கப் பாக்குது சார், நான்தான் எழுந்திருக்கறதில்ல"ன்னார்.

அரை நிமிஷ அழுகைக்கும் இந்த வகை மருந்துதான் கேக்கும்னார். பாதி மாத்திரையில ஆரம்பிச்சிருக்கோம். நெய்தல்வாசி சார் சொன்ன எலும்பு விஷயத்தையும் கேட்டேன். பாத்ரூம்ல கைப்பிடி போடச் சொன்னார், போட்டாச்சு. பால்காரர்கிட்ட சொல்லிவெச்சிருக்கேன், பாக்கியை வலது பக்கமா நின்னு சில்லறையாவே கொடுக்கறார். நேத்து ரெண்டு தடவை எண்ணிட்டு, "பத்து ரூபா குறையுதே"ன்னார். குறையல. ஆனா கேட்டார்.

சித்தப்பா இன்னும் பேசறதில்ல.

நெய்தல்வாசி

சோடியம் பார்க்கச் சொன்னாரா? இந்த வயசுல இந்த மாத்திரை ஆரம்பிச்ச சில வாரத்துல சிலருக்குச் சட்டுன்னு இறங்கும். ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரலோ கூட ஓடுதுன்னா ரத்தக்கசிவு பத்தியும் கேட்டு வைங்க. எவ்வளவு நாள், எப்ப நிறுத்தறதுன்னு சீட்டுலயே தேதி எழுதி வாங்குங்க. என் அம்மா சீட்டுல அது இல்ல.

கொள்ளிடக்கரை

தேதி எழுதி வாங்கிட்டேன் சார். ஆஸ்பிரின் ஓடுது, சொல்லியாச்சு. சோடியத்துக்குத் திங்கட்கிழமை ரத்தம் எடுக்கறாங்க. ரிசல்ட் வந்ததும் இங்கயே போடறேன்.