கடை சிஸ்டத்துல ஏபிடி ஓடலை, அவசரம்

மஞ்சக்குப்பம்_ஜெராக்ஸ்:
ஏபிடி, அதான் லினக்ஸ்ல சாஃப்ட்வேர் ஏத்துற கமாண்ட், வேலை செய்யல. எது போட்டாலும் எரர். பிரிண்டும் வரல. கலெக்டர் ஆபீஸ் போற ஆளுங்க ஃபாரத்தோட வாசல்ல நிக்கிறாங்க. தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

கெடிலக்கரை:
எந்த லினக்ஸ், எந்த வெர்ஷன், என்ன எரர்? “எரர்”னு மட்டும் சொன்னா என்னத்தப் பாக்குறது?

பாகூரான்:
லாக்தான், அதாவது பூட்டு, வேற ஒன்னும் இல்ல. /வார்/லிப்/டிபிகேஜி/ உள்ள லாக்-ஃப்ரன்ட்எண்ட்னு ஒரு ஃபைல் இருக்கும். அழிச்சிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. எனக்கு நாலு தடவை சரியாயிருக்கு.

டெபியன்_தாத்தா:
நாலு தடவையும் தப்பிச்சிருக்கீங்க, தம்பி. பூட்டு அந்த ஃபைல்ல இல்ல, அதைத் திறந்து வச்சிருக்கிற ப்ராசஸ்கிட்ட இருக்கு. பின்னாடி தானா ஒரு அப்டேட் ஓடிட்டிருந்து, நீங்க ஃபைலை அழிச்சா ரெண்டு பேரும் ஒரே டேட்டாபேஸ்ல எழுதுவீங்க. படிச்சிட்டு வந்து பதில் சொன்னா நல்லாயிருக்கும்.

சில்வர்பீச்:
பழைய கெர்னல் ஃபைலுங்க சேர்ந்து டிஸ்க்ல பூட் பகுதி நிறைஞ்சிருக்கும். ‘டிஎஃப் -எச்’ போட்டு எவ்ளோ இடம் இருக்குன்னு பாருங்கண்ணா.

மஞ்சக்குப்பம்_ஜெராக்ஸ்:
உபுண்டு 22.04. இடம் பாதிக்கு மேல காலி. ‘ஃபைல்ஸ் லிஸ்ட் ஃபைல் ஃபார் பேக்கேஜ் கப்ஸ் இஸ் மிஸ்ஸிங் ஃபைனல் நியூலைன்’னு வந்து நிக்குது. பிரிண்ட் போடுற கப்ஸ் பேக்கேஜோட ஃபைல் லிஸ்ட் சரியா முடியலன்னு சொல்லுது போல.

பாகூரான்:
அப்ப அதே டிபிகேஜி உள்ள இருக்கிற இன்ஃபோ ஃபோல்டரையே காலி பண்ணிடுங்க, புதுசா வந்துரும்.

டெபியன்_தாத்தா:
ஐயோ, தொடாதீங்க! எந்த பேக்கேஜ் எந்த ஃபைலை வச்சிருக்குங்கிற கணக்கே அங்கதான் இருக்கு.

கெடிலக்கரை:
அப்டேட் ஓடறப்ப கரண்ட் போச்சா?

மஞ்சக்குப்பம்_ஜெராக்ஸ்:
ஆமா, காலைல மாசாந்திர ஷட்டவுன். இன்வர்ட்டர் இருக்குங்க, ஆனா சிஸ்டம் மட்டும் ஒரு தடவை ஆஃப் ஆகி வந்துச்சு. அதுக்கும் இதுக்கும் என்ன?

கெடிலக்கரை:
இதை முதல்லயே சொல்லக்கூடாதா! இன்ஃபோ உள்ள கப்ஸ்.லிஸ்ட்னு ஒரு ஃபைல் இருக்கும். ‘எல்எஸ் -எல்’ போட்டா சைஸ் காட்டும், ‘கேட்’ போட்டா திரையில ஒன்னும் வராது. எழுதி முடிக்கிறதுக்குள்ள கரண்ட் போனதால உள்ள எழுத்தே இல்லாம, திரையில தெரியாத வெறும் சைபரா நிரம்பியிருக்கும். அந்த ஒரே ஒரு ஃபைலை ‘சூடோ எம்வி’ போட்டு உங்க ஹோம் ஃபோல்டருக்கு மாத்திடுங்க, அழிக்க வேணாம். அப்புறம் ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’. ‘லிஸ்ட் மிஸ்ஸிங்’னு வார்னிங் வரும், பயப்படாதீங்க. கடைசியா ‘சூடோ ஏபிடி இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் கப்ஸ்’. லிஸ்ட் திரும்ப வந்துரும். வேற பேக்கேஜ் பேர் சொல்லி நின்னா அதுக்கும் இதேதான்.

சில்வர்பீச்:
இன்வர்ட்டர் இருந்தும் எப்படிண்ணா ஆஃப் ஆகும்?

முதலியார்பேட்டை_72:
நிறைய மாடல்ல பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மல்ல இருந்தா மாறுறதுக்குள்ள கம்ப்யூட்டர் போயிரும், ஃபேனுக்கு அது தெரியாது. யூபிஎஸ் மோடுல வைக்கணும்.

டெபியன்_தாத்தா:
கடைக்கு இன்வர்ட்டரே தப்பு. தனி யூபிஎஸ் வாங்கணும்.

முதலியார்பேட்டை_72:
தானே புயலப்ப, 2011 டிசம்பர்ல, உங்க யூபிஎஸ் எத்தனை நாள் ஓடிச்சு சார்?

டெபியன்_தாத்தா:
புயலையும் ஷட்டவுனையும் ஒன்னாப் போட்டுக் குழப்பாதீங்க. கேட்டது அரை நொடிக் கதை.

பாகூரான்:
எங்க ஊர்ல இன்வர்ட்டர்தான், ஒரு பிரச்சினையும் வந்ததில்ல.

டெபியன்_தாத்தா:
லாக் ஃபைலும் நாலு தடவை பிரச்சினை பண்ணல.

மஞ்சக்குப்பம்_ஜெராக்ஸ்:
கப்ஸ் முடிஞ்சு இன்னொரு பேக்கேஜ்லயும் நின்னுது, அதையும் அப்படியே பண்ணேன். பிரிண்ட் வருது. நன்றி, கெடிலக்கரை அண்ணா. கூட்டம் இருக்கு, அப்புறம் வரேன்.

சில்வர்பீச்:
அண்ணா, அந்த சுவிட்ச் எதுல இருந்துச்சுன்னு பாத்தீங்களா?

முதலியார்பேட்டை_72:
மூணு நாளாச்சு, ஆளைக் காணோம். அடுத்த ஷட்டவுனுக்கு வருவாரு.