மறு: ஸ்ப்ரெடிங் ஆக்டிவேஷனுக்கு 'கிளர்வூறல்' சரிவருமா?

எல்லோருக்கும் வணக்கமுங்க. நினைவில் ஒரு கருத்து விழித்தால் அதோடு தொடர்புள்ள கருத்துகளும் கொஞ்சம் விழித்துக்கொள்ளும் என்பதை உளவியலில் ஸ்ப்ரெடிங் ஆக்டிவேஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற நம் குழுப் பேச்சுக்கு என் பதில் இது.

> 'கிளர்ச்சிப் பரவல்' என்றே வைத்துவிடலாமே, வாயில் பழகிய சொற்கள்தானே.

ஐயா, பழகினதுதான் தொந்தரவு. பேப்பர் படிக்கிறவர் கண்ணில் 'கிளர்ச்சிப் பரவல்' பட்டால் எங்கேயோ பஸ்ஸை மறித்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். 'கிளர்வு' போதும். பள்ளி வேதியியலில் கிளர்வு ஆற்றல் படித்த பிள்ளைகளுக்கு ஆக்டிவேஷன் என்றால் கிளர்வு என்று ஏற்கெனவே தெரியும். முன்பாதியில் எனக்குச் சண்டை இல்லை, உறுத்துவது 'பரவல்'.

விஷயத்தை ஒருமுறை பார்த்துவிடுவோம். நீண்டகால நினைவில் கருத்துகள் அடுக்காக இருப்பதாக, அதாவது மேலே விலங்கு, அதன்கீழ் பறவை, அதற்கும் கீழே கேனரிக் குருவி என்று, 1969இல் காலின்ஸ், குயில்லியன் என்ற ஆய்வாளர்கள் சொன்னார்கள். 'கேனரி பாடும்' என்பதற்கு ஆமாம் சொல்வதைவிட 'கேனரிக்குத் தோல் உண்டு' என்பதற்கு ஆமாம் சொல்ல ஆட்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது. தோல் விஷயம் இரண்டு அடுக்கு மேலே, விலங்கோடு கிடக்கிறது என்பது அவர்கள் விளக்கம். அழகான யோசனைதான், ஆனால் ரொம்ப நாள் தாங்கவில்லை. நாய் ஒரு பாலூட்டி என்பதைவிட நாய் ஒரு விலங்கு என்பதற்குத்தான் சட்டென்று ஆமாம் வருகிறது, அடுக்குக் கணக்குப்படி அது நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்! அப்புறம் 1975இல் காலின்ஸும் எலிசபெத் லோஃப்டஸும் அடுக்கைக் கைவிட்டு வலைக்கு வந்தார்கள். வலையில் ஒவ்வொரு கருத்தும் ஒரு கணு, அதாவது முடிச்சு. ஒரு கணு கிளர்ந்தால் அந்தக் கிளர்வு தொடுப்புகள் வழியாகப் பக்கத்துக் கணுக்களுக்குப் போகும், தூரம் போகப் போகக் குறையும், விட்டால் நேரத்தோடு வற்றியும் போகும்.

எது எதற்குப் பக்கம் என்பது ஆளைப் பொறுத்தது. ஈரோட்டு மண்டியில் உட்கார்ந்திருக்கிறவரிடம் மஞ்சள் என்று சொல்லிப் பாருங்கள், விரலியா கிழங்கா, கொப்பரையில் வெந்ததா, களத்தில் காய்ந்ததா, பாலிஷ் போட்டாயிற்றா என்று போகும். அவர் பேத்திக்கு அது கிரேயான் டப்பாவில் ஒரு நிறம், அடுத்தது சிவப்பு. சொல் ஒன்றுதான், தொடுப்புகள்தான் வேறு வேறு.

இப்போது 'பரவல்'. தீ பரவும், நோய் பரவும். இரண்டும் போகப் போகப் பெருக்கிற ரகம், நம்முடையது போகப் போக இளைக்கிற ரகம். அந்தக் குணத்தைத் தொலைத்துவிட்டால் கலைச்சொல் இருந்தென்ன.

> அப்படியானால் 'கிளர்வுக் கசிவு' போடலாம்.

அம்மா சொன்னதில் பாதி சரி. ஆனால் கணினிக்காரர்கள் நினைவகக் கசிவு என்று ஒரு கோளாறைச் சொல்கிறார்கள். நினைவைப் பற்றிய கட்டுரையில் கசிவு என்று வந்தால் எதுவோ ஒழுகுகிறது, பிளம்பரைக் கூப்பிடு என்றாகிவிடும். நான் முன்வைப்பது ஊறல். ஈரோட்டுப் பக்கம் பாசனத்துக்கு ஓடும் கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடக் கூடாது என்று ஒரு சாரார் ஏன் போராடினார்கள்? வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் நேராக மடை இல்லாத கிணற்றிலும் ஊறும், பக்கத்துக் கிணற்றில் நன்றாக, தள்ளியிருக்கிற கிணற்றில் லேசாக, வாய்க்காலை அடைத்தபின் கொஞ்ச நாளில் இறங்கிவிடும். அந்த நடப்பு அப்படியே இங்கே பொருந்துகிறது. கிளர்வு, ஊறல் இரண்டையும் சேர்த்தால் 'கிளர்வூறல்'.

> ஊறல் என்றால் போலீஸ் கொட்டி அழிப்பதுதானே ஞாபகம் வருகிறது!

வரட்டுமுங்க. முன்னால் கிளர்வு ஒட்டியிருக்கும்போது சாராயத்துக்கு அங்கே இடமில்லை.

பிரைமிங்கையும், அதாவது முன்னால் பார்த்த ஒன்று அடுத்து வருவதைச் சட்டென்று அடையாளம் காண உதவுவதையும், இதே குடும்பத்தில் சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். 1971இல் மேயரும் ஷ்வேனவெல்ட்டும் செய்த சோதனை தெரிந்ததுதான்: திரையில் இரண்டு எழுத்துக்கோவைகள், இரண்டுமே உண்மையான சொற்களா என்று சொல்ல வேண்டும். ரொட்டி–வெண்ணெய் மாதிரி உறவுள்ள ஜோடிக்குப் பதில் வேகமாக வந்தது, செவிலி–வெண்ணெய் மாதிரி ஒட்டாத ஜோடிக்குத் தாமதம், வித்தியாசம் சுமார் 85 மில்லிநொடி. ரொட்டியைப் படித்ததுமே வெண்ணெய்க் கணுவில் கொஞ்சம் ஊறியிருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு 'முன்கிளர்வு' போதும். முன்தூண்டல் என்றும் எழுதுகிறார்கள், தப்பில்லை, ஆனால் தூண்டல் என்ற சொல்லை மின்னியல் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறது.

சிக்கல் ஃபேன் எஃபெக்டில் வருகிறது. ஒரே ஆளைப் பற்றி நிறையச் செய்திகளை மனப்பாடம் செய்தால் அவற்றில் ஒன்றை 'ஆமாம், படித்தேன்' என்று உறுதி செய்ய நேரம் கூடுகிறது, இது உளவியலாளர் ஜான் ஆண்டர்சன் 1974இல் காட்டியது. ஒரு கணுவிலிருந்து தொடுப்பு அதிகமானால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கிற பங்கு குறைகிறது. 'விசிறி விளைவு' என்று எழுதினால் மின்விசிறியின் பயன்கள் பற்றிய கட்டுரை என்று நினைப்பார்கள். தற்காலிகமாகப் 'பங்கீட்டுத் தாமதம்' என்று குறித்திருக்கிறேன், கொஞ்சம் ரேஷன் கடை வாடை அடிக்கிறது. வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்க.