ஆர்ம்64-இல் மட்டும் தோற்கும் கம்பைலர் சோதனை

கேள்வி: எக்ஸ்86 செயலியில் எல்லாச் சோதனைகளும் தேறுகின்றன. ஆர்ம்64 செயலியில் ஓடும் லினக்ஸில் மட்டும் ஒன்று விழுகிறது. சி மொழியின் ‘கேர்’ (ஒரு பைட் எழுத்து வகை) மாறியில் -1 வைத்து, அது பூஜ்யத்தைவிடச் சிறியதா என்று பார்க்கிறேன், இல்லை என்கிறது. அச்சிட்டால் 255 வருகிறது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரில் பிழையா?

பதில்: கம்பைலர் மீது பழி போடாதீர்கள். வெறும் ‘கேர்’ குறியுடையதா (எதிர்ம எண்ணையும் ஏற்பதா), குறியற்றதா என்பதை சி மொழித் தரம் கம்பைலரின் முடிவுக்கே விட்டிருக்கிறது. எக்ஸ்86-இல் குறியுடையது, ஆர்ம் லினக்ஸில் குறியற்றது. ‘சைன்டு கேர்’ என்றே எழுதுங்கள்.

கேட்டவர்: மாற்றினேன், தேறிவிட்டது, நன்றி. ஐபிஎம் பெருங்கணினிகளின் எஸ்390எக்ஸ் செயலியில் இன்னொன்று: நினைவகத்தில் 0எக்ஸ்01020304 என்ற பதினறும எண்ணின் முதல் பைட் 4 என்று எதிர்பார்த்தால் 1 வருகிறது. அங்கே மட்டும் சோதனையைத் தவிர்த்துவிடலாமா?

மற்றொரு பதில்: தயவுசெய்து வேண்டாம்! அது பிக் எண்டியன். உயர்மதிப்பு பைட்தான் முதலில் நிற்கும். தவிர்த்தால் நாளை அங்கே வரும் உண்மையான பிழையும் கண்ணில் படாது. பைட் வரிசைக்கு ஏற்ப எதிர்பார்க்கும் மதிப்பைப் பிரித்து எழுதுங்கள்.