பனிமலையில் பத்து ரூபாய் லைட்டரை நம்பலாமா?

மலைக்குருவி:
போன டிசம்பர்ல உத்தராகண்ட் கேதார்கந்தா (3,800 மீட்டர்) ஏறினோம். விடிகாலை மூணு மணி, டீ போட ஸ்டவ்வைப் பத்தவைக்கணும். லைட்டர் சக்கரம் உருளுது, பொறி பறக்குது, தீ மட்டும் வரலை. ராத்திரி முழுக்கப் பையோட வெளிப்பாக்கெட்ல கிடந்தது அது. பக்கத்து டெண்ட்ல தீப்பெட்டி கடன் வாங்கினேன். பனிக்கு லைட்டர் லாயக்கில்லை, அவ்வளவுதான்.

குளிர்விரும்பி:
லைட்டரைத் திட்டாதீங்க, வெளிப்பாக்கெட்டைத் திட்டுங்க. லைட்டர் உள்ளே இருக்கிற எரிவாயு பியூட்டேன்; அதோட கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி. அதுக்குக் கீழே போனா உள்ளே திரவமாவே உட்கார்ந்திருக்கும். ரெண்டு நிமிஷம் அக்குள்ல வெச்சிருந்தா எரிஞ்சிருக்கும்.

பழைய வாத்தியார்:
மைனஸ் 0.5 கடல்மட்டக் கணக்கு தம்பி. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், கொதிநிலையும் இறங்கும். கேதார்கந்தா உச்சியில் மைனஸ் 10-லகூட பியூட்டேன் ஆவியாகும். இன்னும் குறைந்த கொதிநிலை உள்ள அதன் உறவான ஐசோபியூட்டேன் கலந்திருந்தால் இன்னும் கீழே. ஆனால் கொதிநிலையைத் தொட்டால் மட்டும் போதாது; வெளிக்காற்றை மீறி அழுத்தம் இருந்தால்தான் கேஸ் வாய் வழியே வரும். அந்த உயரத்தில் சீக்கிரம் கைவிடுவது பட்டனை அழுத்துகிற மின்பொறி லைட்டர்தான். சிக்கிமுக்கிக்கல் சக்கரம் தேவலை.

சாத்தூர்க்காரன்:
இவ்வளவு பாடம் எதுக்கு? தீக்குச்சிக்குக் கொதிநிலையே கிடையாது, உரசினா எரியும். இந்த மலிவு லைட்டர் எங்க ஊர்த் தீப்பெட்டிப் பொழைப்புல மண்ணைப் போட்டுச்சு. 20 ரூபாய்க்குக் கீழே உள்ளதை இறக்குமதி பண்ணக் கூடாதுன்னு 2023-ல தடை வந்தப்பதான் கொஞ்சம் மூச்சு விட்டோம்.

குளிர்விரும்பி:
பொழைப்பு வேற, பனி வேற அண்ணே. தீப்பெட்டியோட பக்கவாட்டுல உரசுற இடத்துல இருக்கிற சிவப்பு பாஸ்பரஸ் நனைஞ்சா அத்தனை குச்சியும் குப்பைக்குத்தான். லைட்டர் நனைஞ்சா ஊதிட்டு, சக்கரத்தைப் பேண்ட்ல நாலு தேய் தேய்ச்சா பொறி வந்துடும்.

சாத்தூர்க்காரன்:
ஜிப் கவர்ல போட்டு வெச்சா ஏன் நனையுது? விரல் விறைச்ச நேரத்துல அந்தக் குட்டிச் சக்கரத்தை உருட்டிப் பாத்திருக்கீங்களா?

குளிர்விரும்பி:
விறைச்ச விரல்ல குச்சி மட்டும் நிக்குமா? காத்து அடிச்சா அதுவும் போச்சு.

மலைக்குருவி:
சண்டை வேண்டாம்னு ரெண்டையும் நேத்து ராத்திரி வீட்டு ஃப்ரீசர்ல போட்டேன், மைனஸ் 18. (விமானத்துல ரெண்டுக்குமே அனுமதி இல்லை, அதனால அடுத்த தடவையும் டேராடூன்லதான் வாங்கணும்.) காலையில எடுத்ததும் லைட்டர்ல வெறும் பொறி. உள்ளங்கையில பொத்தி வெச்சேன், ஒரு நிமிஷத்துல நீலமா ஒரு சின்னச் சுடர். தீப்பெட்டி வெளியே வந்ததும் வேர்த்துப் போச்சு. மூணு குச்சி மருந்து உதிர்ந்து, நாலாவதுதான் பத்துச்சு. வாத்தியார் சொன்ன சக்கர லைட்டரை உள்சட்டைப் பாக்கெட்ல வெச்சுக்கப் போறேன். மன்னிக்கணும் சாத்தூர் அண்ணே.

சாத்தூர்க்காரன்:
நாலாவது பத்துச்சுல்ல?